பழைய பிக்அப் வாங்கக் கிளம்பியிருக்கும் டெக்சாஸ் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ஃபிரிஸ்கோ, இர்விங், கேட்டி, ஷுகர் லேண்ட், ரவுண்ட் ராக் என்று வீடு வாங்கிக் குடியேறியாகிவிட்டது. கொல்லைக்கு மண்ணும் மல்ச்சும் அடிக்க வேண்டும், பொங்கல் விழாவுக்கு மேடைச் சாமான் ஏற்ற வேண்டும், பிள்ளைகளின் சைக்கிளை ஏரிக்கரை வரை கொண்டுபோக வேண்டும். தெருவில் வீட்டுக்கு ஒரு பிக்அப் நிற்கிற ஊரில் நமக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை வருவது இயற்கைதான். மல்ச் மட்டும்தான் காரணம் என்றால் ஹோம் டிப்போவில் டிரக் வாடகைக்குக் கிடைக்கும். இதைச் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை என்பதால் மேலே போகிறேன். கொஞ்சம் வசதியான புது டிரக் என்றாலே இப்போது அறுபதாயிரம் டாலர் சாதாரணம். அதனால் பழையதைத் தேடுகிறீர்கள். தேடும்போது நீங்கள் கேட்கிற முதல் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்.

"ஃபோர்டு நல்லதா, டொயோட்டா நல்லதா?" என்று கேட்கிறீர்கள். அடுத்து, "எத்தனை மைல் ஓடியிருக்கு?" இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. 2013 எஃப்-150 என்ற ஒரே பெயருக்குள் 3.7 லிட்டர் வி6, 3.5 லிட்டர் டர்போ, 5.0 லிட்டர் வி8, 6.2 லிட்டர் வி8 என்று நாலு என்ஜின் விற்றார்கள். நாலுக்கும் நாலு சுபாவம், நாலு விதமான செலவு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது எந்த வருஷம், எந்த என்ஜின், எந்த கியர்பாக்ஸ். விற்கிறவருக்கே தெரியாவிட்டால் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கேளுங்கள். அந்த 17 எழுத்தில் பத்தாவது எழுத்து மாடல் வருஷம், ஃபோர்டு, ஜி.எம். டிரக்குகளில் எட்டாவது எழுத்து என்ஜின். வின் எண்ணைத் தர யோசிக்கிற ஆளிடம் வண்டி பார்க்கப் போக வேண்டாம்.

ஊரில் செகண்ட் ஹாண்ட் கார் வாங்குகிறவர் தனியாகப் போவதில்லை. தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் பானெட்டைத் திறந்து, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து, சைலன்சர் புகையை முகர்ந்து பார்த்துவிட்டு, விற்கிறவர் காதில் விழாமல் "வேணாம் சார்" என்பார். அவர் கைக்கு ஐநூறோ ஆயிரமோ கொடுத்தனுப்புவோம். "டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்" என்ற விளம்பரத்தை அங்கே நாம் நம்பியதே இல்லை. இங்கே வந்ததும் "எல்லாம் ஹைவே மைல்ஸ்தான்" என்று தொப்பி போட்ட ஒருவர் சொன்னால் உடனே நம்பிவிடுகிறோம். விலையை எக்செல்லில் போட்டு ஒப்பிடுகிறவர்கள் நூற்றைம்பது, இருநூறு டாலர் கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வதில்லை. மெக்கானிக்கைக் கூட்டிப்போகும் அந்தப் பழக்கத்தை மட்டும் ஏன் விமானத்தில் ஏற்றாமல் விட்டுவந்தோம் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

சரி, வண்டிகளுக்கு வருகிறேன். கீழே நான் சொல்லும் தொகைகள் தனிக் கடை மெக்கானிக்கின் தோராயக் கணக்கு. டீலர்ஷிப் சர்வீஸுக்குப் போனால் இதற்கு மேலேதான்.

ஃபோர்டிலிருந்து தொடங்குகிறேன், இங்கே சந்தையில் அதுதான் அதிகம். எட்டாயிரம் டாலருக்குப் பளபளவென்று நிற்கும் 2004 முதல் 2010 வரையிலான எஃப்-150-இல் பெரும்பாலும் 5.4 லிட்டர் டிரைட்டன் வி8 இருக்கும். சிலிண்டருக்கு மூன்று வால்வு வைத்த என்ஜின். இதன் ஸ்பார்க் பிளக் ஒரே துண்டாகச் செய்யப்பட்டதல்ல. அடியில் ஒரு நீண்ட உறை தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு லட்சம் மைல் ஓடும்போது அந்த உறையைச் சுற்றிக் கரி படிந்து சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்ற ஸ்பேனரைத் திருப்புகிறீர்கள். மேல் பாதி கையோடு வருகிறது, அடிப்பாதி உள்ளேயே நின்றுவிடுகிறது. சில சமயம் வெள்ளைப் பீங்கானும் நொறுங்கி உள்ளே கிடக்கும். ஃபோர்டே இதற்கு ஒரு வழிமுறை வெளியிட்டது: என்ஜின் ஆறிய பிறகு பிளக்கை எட்டில் ஒரு பங்கு திருப்பு மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனரை ஊற்றி ஊறவைத்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி எடுக்க வேண்டும். உள்ளே முறிந்ததை இழுத்தெடுப்பதற்கென்றே லைல் நிறுவனம் ஒரு கருவி விற்கிறது என்றால் எத்தனை பிளக் முறிந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு பிளக் மாற்றுவது முந்நூறு டாலர் வேலை. நாலைந்து முறிந்தால் எண்ணூறு, ஆயிரம். அதனால் இந்த வண்டியைப் பார்க்கும்போது "பிளக் மாத்தியாச்சா, பில் இருக்கா?" என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் அந்தத் தலைவலி உங்களுடையதல்ல. 2008 வாக்கில் ஹெட்டையும் பிளக்கையும் மாற்றிவிட்டார்கள் என்பதால் அதற்குப் பின் வந்த வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பிளக் இந்த என்ஜினின் சின்ன வியாதிதான். பெரிய வியாதி டைமிங் செயினில். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் ஆயில் கசிந்து, ஆயில் பிரஷர் குறைந்து, வால்வு திறக்கும் நேரத்தைச் சரிசெய்யும் கேம் ஃபேஸர்கள் தளர்ந்து தட்ட ஆரம்பிக்கும். வண்டியை இருபது நிமிஷம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிவிட்டு, கியரில் வைத்தபடி பிரேக்கை மிதித்து நிறுத்திக் கேளுங்கள். டீசல் வண்டி போலத் தடதடத்தால் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்தைந்நூறு வரை எடுத்து வையுங்கள். எட்டாயிரம் டாலர் வண்டிக்கு அது கட்டுபடியாகுமா என்பது உங்கள் கணக்கு. என்னைக் கேட்டால், வேண்டாம்.

புதிய ஃபோர்டுகளில், அதாவது 2017 முதல் 2020 வரையிலான 3.5 லிட்டர் எக்கோபூஸ்டில், அதே கேம் ஃபேஸர் வேறு விதமாகத் தலைகாட்டுகிறது. இங்கே சத்தம் சூட்டில் வராது, குளிரில்தான் வரும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. ஃபோர்டு முதலில் சாஃப்ட்வேரை மாற்றிப் பார்த்தது, பிறகு பாகத்தையே மாற்றிக் கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தத் திட்டம் 2023 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. இப்போது உங்கள் பையிலிருந்துதான்: இரண்டாயிரத்தைந்நூறிலிருந்து நாலாயிரம் டாலர். எனவே வண்டி பார்க்கப் போகிற நாளில் "நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட் மேல் கையை வையுங்கள். சுடுகிறதென்றால் அவர் முன்னாலேயே ஓட்டிச் சத்தத்தை அடக்கிவைத்திருக்கிறார் என்று அர்த்தம். மே மாத டெக்சாஸ் வெயிலில் எல்லா பானெட்டும் சுடும் என்பதால் அதிகாலையில் போங்கள்.

இதே வருஷங்களின் 10 கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர்டும் ஜி.எம்.மும் சேர்ந்து வடிவமைத்த குடும்பம். ஃபோர்டு பக்கத்தில் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் உதறுவது, பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி கியர் விழுவது என்று ஏகப்பட்ட புகார். உரிமையாளர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். டெஸ்ட் டிரைவில் ஹைவே மட்டும் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் தெருவில், சூடான வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸ் பிரித்துக் கட்டுவது நாலாயிரத்தில் தொடங்கி ஏழாயிரம் வரை போகும்.

அடுத்து செவர்லே சில்வராடோவும் ஜி.எம்.சி. சியராவும். இரண்டும் ஒன்றுதான், முகம்தான் வேறு. இவற்றின் 5.3 லிட்டர் வி8 அடிப்படையில் முரட்டு என்ஜின். பெட்ரோலை மிச்சம் பிடிக்க அதில் ஏ.எஃப்.எம். என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஹைவேயில் நிதானமாகப் போகும்போது எட்டு சிலிண்டரில் நாலை நிறுத்திவிடும். 1, 4, 6, 7 ஆகிய அந்த நாலு சிலிண்டர்களில் வால்வைத் தூக்கும் லிஃப்டர்கள் மட்டும் தனி ரகம். ஆயில் பிரஷர் வந்ததும் உள்ளேயிருக்கும் சின்னப் பின் விலகி லிஃப்டர் மடங்கும், வால்வு திறக்காது. மறுபடி வேலைக்கு வரும்போது பின் சரியாக மாட்ட வேண்டும். மைல் ஏற ஏற, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் ஒருநாள் அது மாட்டாது. லிஃப்டர் மடங்கியபடியே நிற்கும், அல்லது கேம் ஷாஃப்டைச் சுரண்ட ஆரம்பிக்கும். டிக் டிக் என்று சத்தம், ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை, செக் என்ஜின் விளக்கு. லிஃப்டரை மாற்ற ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்தைந்நூறு, கேமும் போயிருந்தால் அதற்கு மேல். 2007-இல் தொடங்கிய கதை இது. 2019 முதல் எந்தச் சிலிண்டரையும் தேவைக்கேற்ப நிறுத்தும் புது வடிவம் வந்தது, வியாதி போகவில்லை. வண்டியின் கோளாறைப் படிக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகினால் ஏ.எஃப்.எம்.மை அணைத்துவைக்கும் கருவி இருநூறு டாலருக்குக் கிடைக்கிறது. நல்ல வண்டியை வாங்கிய அன்றே சொருகினால் பலன் உண்டு; தேய்ந்த லிஃப்டரை அது குணமாக்காது.

2011 முதல் 2014 வரையிலான இதே 5.3-இல் ஒரு ரகம் ஆயில் குடிக்கும். பிஸ்டன் ரிங் விவகாரம். 2022 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபெடரல் கோர்ட்டில் ஜூரி, இதற்காக ஜி.எம். மீது தொடுத்த வழக்கில் சேர்ந்த உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 2,700 டாலர், மொத்தம் பத்துக் கோடி டாலருக்கு மேல் என்று தீர்ப்பளித்தது. வண்டி பார்க்கும்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. அடுத்த ஆயில் சேஞ்சுக்கு இன்னும் ஆயிரம் மைல் இருக்கும்போதே குச்சியில் அடிமட்டம் காட்டினால் அந்த வண்டி ஆயில் குடிக்கிறது என்றுதான் பொருள்.

6.2 லிட்டர் வி8 போட்ட 2021–2024 சில்வராடோ, சியரா மலிவாகத் தென்பட்டால் அதற்கும் காரணம் உண்டு. 2025 ஏப்ரலில் ஜி.எம். அமெரிக்காவில் சுமார் ஆறு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கனெக்டிங் ராடிலும் கிராங்க் ஷாஃப்டிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தப்பிய வண்டிகளுக்குக் கெட்டியான ஆயிலை ஊற்றி, ஆயில் மூடியை மாற்றி அனுப்பினார்கள். கெட்டி ஆயில் ஊற்றி அனுப்பியது எனக்கு ஒப்பவில்லை. என்ஜின் முழுதாக மாற்றப்பட்டதற்குப் பேப்பர் இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஜி.எம். பற்றி இன்னொன்று, டெக்சாஸ்காரர்களுக்காக. 2014-க்குப் பின் வந்த தலைமுறையில் ஏ.சி. கண்டென்சர் விரிசல் விட்டு கேஸ் கசிவது சகஜம். எழுநூறிலிருந்து ஆயிரத்திருநூறு டாலர். ஜனவரியில் வண்டி வாங்குகிறவர்கள் ஏ.சி.யைப் போட்டுப் பார்ப்பதில்லை, ஜூன் மாதம் அழுவார்கள். அந்த வருஷங்களின் 8 கியர் ஆட்டோமேட்டிக் 40, 50 மைல் வேகத்தில் சாலை கரடுமுரடானது போல நடுங்கினால் பயப்பட வேண்டாம். கியர் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதுதான் காரணம். புது வகை ஆயிலை முழுசாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், நானூறு டாலருக்குள். விலையைக் குறைக்கப் பேசுவதற்கு இது நல்ல பிடி.

ராம் 1500-இல் ஹெமி என்ஜினின் டிக் சத்தம் பிரசித்தம். அதில் இரண்டு ஜாதி உண்டு. குளிரில் கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் முறிந்திருக்கிறது; ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் முடியும். சூடான பிறகும் விடாமல் கேட்டால் லிஃப்டரும் கேமும், ஐந்தாயிரம். ஃப்ளாஷ்லைட் அடித்து மேனிஃபோல்டின் பின்பக்க போல்ட்டுகளைப் பார்த்தால் தலை இல்லாதது தெரியும்.

இப்போது நம்மவர்களின் குலதெய்வமான டொயோட்டா. டக்கோமாவும் டுண்ட்ராவும் வாங்கினால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. என்ஜினைப் பொறுத்தவரை பாதி உண்மை. ஆனால் 2005–2010 டக்கோமாவிலும் 2007–2008 டுண்ட்ராவிலும் ஃபிரேம், அதாவது வண்டியைத் தாங்கும் எலும்புக்கூடே, துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. 2016-இல் டொயோட்டா ஒத்துக்கொண்ட சமரசம் 15 லட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டாலர் வரை. ஒரு ஃபிரேம் மாற்றும் செலவு சுமார் 15,000 டாலர் என்று மதிப்பிட்டார்கள். வண்டி விலையைவிட அதிகம். விற்ற நாளிலிருந்து 12 வருஷம் என்ற அந்தக் கெடுவும் இப்போது முடிந்துவிட்டது. 1995–2000 டக்கோமாக்களுக்கு அதற்கு முன்பே, 2008-இல், சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"நாங்க டெக்சாஸ்ல இருக்கோம், இங்க உப்பே போடறதில்லையே" என்பீர்கள். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், வண்டி எங்கே இருந்தது? நியூ ஜெர்சியில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். எடிசனிலிருந்து ஆஸ்டினுக்கு வேலை மாறி வந்தவர் ஓட்டிவந்த வண்டியும், ஏலத்தில் எடுத்து டாலஸுக்குக் கொண்டுவந்த வண்டியும் ஒரே விளம்பரத்தில் "நோ ரஸ்ட்" என்று நிற்கும். மேலே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். கீழே படுத்து, பின்சக்கரத்துக்கு முன்னால் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டு, செதில் செதிலாக உதிர்ந்தால் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த ஃபிரேம் என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். டொயோட்டா வைத்த அளவுகோல் 10 மில்லிமீட்டர் ஓட்டை. எனக்கு ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே போனாலே போதும்.

புது டுண்ட்ராவும் புனிதமல்ல. நம் சான் அன்டோனியோ தொழிற்சாலையில் தயாரான 2022–2023 டுண்ட்ராக்களின் 3.4 லிட்டர் டர்போ என்ஜினுக்குள் கடைசல் தூள் தங்கிவிட்டது என்று 2024-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதற்கு முந்தைய 5.7 லிட்டர் டுண்ட்ராவைத்தான் நான் இன்னும் பரிந்துரைக்கிறேன். அதில் செலவு வைக்கும் ஒரே சாமான், ஸ்டார்ட் செய்ததும் எக்ஸாஸ்டுக்குக் காற்று ஊதும் பம்ப். அது போனால் இரண்டாயிரம், மூவாயிரம் டாலர், வண்டியும் நொண்டியடிக்கும்.

நிஸான் ஃபிரான்டியர் 2005–2010 பற்றி ஒரு பத்தி போதும், ஆனால் அது முக்கியமான பத்தி. இதில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. அது உள்ளுக்குள் விரிசல் விட்டால் கூலண்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் கியர்பாக்ஸ் போய்விட்டது, மூவாயிரம், நாலாயிரம். தெளிவாக இருந்தால், வாங்கிய வாரமே ஐநூறு டாலருக்குள் ரேடியேட்டரை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு பல வருஷம் மாடாக உழைக்கும். வருஷங்களைத் தெரிந்து வாங்கினால் இந்தப் பட்டியலிலேயே காசுக்கு மதிப்பான வண்டி இதுதான் என்பது என் கட்சி.

டீசல் வேண்டாம். குதிரை டிரெய்லர் இழுக்கப் போகிறீர்களா என்ன? 2011-க்குப் பிந்தைய பல பெரிய டீசல்களில் உள்ள சி.பி.4 ஃபியூயல் பம்ப் உடைந்தால் இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரை போய்விடும். எட்டாயிரம், பத்தாயிரம் டாலர். புகை வடிகட்டியைக் கழற்றி எறிந்த வண்டி மலிவாக வரும், அது சட்டவிரோதம். இதற்கு மேல் டீசலைப் பற்றி எழுதப்போவதில்லை.

மைல் கணக்கு ஏன் ஏமாற்றும் என்றும் சொல்லிவிடுகிறேன். மிட்லாண்ட், ஒடெஸா பக்கம் எண்ணெய் வயல்களில் ஓடிய டிரக்குகள் நம் சந்தைக்கு நிறைய வருகின்றன. வெயிலில் ஏ.சி. ஓட வேண்டும் என்று நாள் முழுக்க என்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருப்பார்கள். மைல் ஏறாது, என்ஜின் தேயும். ஃபோர்டில் டாஷ்போர்டு மெனுவிலேயே என்ஜின் மணி நேரமும் ஐடில் மணி நேரமும் தெரியும். ஒரு மணி நேர ஐடிலிங்கை சுமார் 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வது ஃபோர்டின் கணக்கு. அறுபதாயிரம் மைல் காட்டும் வண்டியில் நாலாயிரம் ஐடில் மணி இருந்தால் என்ஜினுக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மைல் வயசு. அதே சமயம், ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்கு வாரம்தோறும் போய்வந்த ஒன்றரை லட்சம் மைல் வண்டி, ஆயில் பில்லோடு வந்தால், இதைவிட எவ்வளவோ மேல்.

வெள்ளத்தை மறக்காதீர்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலில் ஹூஸ்டனில் மூழ்கிய வண்டிகள் லட்சக்கணக்கில். சில, மாநிலம் மாறி, பேப்பர் மாறி இன்னும் சுற்றுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கறை இருக்கும். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துருவைத் தேடுங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணத்தால் ஏன் என்று கேளுங்கள்.

டெக்சாஸில் இப்போது அரசாங்கமும் உங்களுக்காக வண்டியைப் பார்க்கப்போவதில்லை. 2023-இல் சட்டசபை நிறைவேற்றிய சட்டப்படி 2025 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. டாலஸ், காலின், டென்டன், ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், டிராவிஸ், வில்லியம்சன் போன்ற கவுண்டிகளில் புகைச் சோதனை மட்டும் உண்டு. பிரேக்கும் பால் ஜாயின்டும் டயரும் உங்கள் பொறுப்பு. முன்பக்கத்து பால் ஜாயின்ட், வீல் பேரிங் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைந்நூறு வரை. டிரக் டயர் நாலு ஆயிரத்தைத் தொடும். பிரேக் ஒரு பக்கத்துக்கு முந்நூறு, நானூறு. யாருமே விளம்பரத்தில் பார்க்காத செலவு இது, எல்லாரும் முதல் வருஷமே கொடுக்கிற செலவும் இதுதான்.

இதைப் படிக்கும் நியூ ஜெர்சி நண்பர்களுக்கு நம்மைவிடப் பாதுகாப்பு அதிகம். அங்கே டீலரிடம் வாங்கும் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட, மூவாயிரம் டாலருக்குக் குறையாத, ஒரு லட்சம் மைலுக்குக் குறைந்த வண்டிக்கு மைலைப் பொறுத்து 30, 60, 90 நாள் வாரண்டி சட்டப்படி உண்டு. கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் விற்கிறவர்தான் ஸ்மாக் எனும் புகைச் சோதனை சர்டிஃபிகேட் எடுத்துத் தர வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருந்தால் கலிஃபோர்னியா அனுமதித்ததை மட்டும்தான் போடலாம், விலை இரண்டு மடங்கு. மெக்கானிக் கூலியும் அங்கே மணிக்கு 200 டாலரைத் தாண்டும். இங்கே 120-லிருந்து 170-க்குள் பார்க்கலாம். டெக்சாஸில் டீலர் ஜன்னலில் "ஆஸ் ஈஸ்" என்று டிக் அடித்த தாள் ஒட்டியிருந்தால், கேட்டைத் தாண்டியதும் எல்லாம் உங்கள் தலையில்.

போகும்போது முப்பது டாலர் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று கையில் இருக்கட்டும். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை என்பதில் ஒரு விசேஷமும் இல்லை. எரிகிற விளக்கின் கோளாறுக் குறியீட்டை அழிக்க ஒரு நிமிஷம் போதும். அழித்தால் வண்டியின் கம்ப்யூட்டர் தன் உள்சோதனைகளையும் மறந்துவிடும். ஸ்கேனரில் ரெடினெஸ் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் "நாட் ரெடி" என்று காட்டினால், நேற்றோ இன்றோ யாரோ அந்தக் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். "பேட்டரி புதுசு சார்" என்று பதில் வரும். "நல்லது, அடுத்த வாரம் ஓட்டிட்டுச் சொல்லுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஃபெடரல் அரசின் தளத்தில் வின் எண்ணைப் போட்டால் பாக்கி நிற்கும் ரீகால் தெரியும். வண்டி விற்று 15 வருஷம் வரை அதைச் சரிசெய்வது இலவசம்.

பணத்தைப் பிரிக்கும் விதம் இப்படி இருக்கட்டும்: கையில் இருபதாயிரம் இருந்தால் பதினாறாயிரத்துக்கு வண்டி பாருங்கள். தனியாரிடம் வாங்கினாலும் 6.25 சதவீத வரி உண்டு. அரசாங்கம் மதிப்பிட்ட விலையில் 80 சதவீதத்துக்குக் கீழே நீங்கள் பேசி முடித்திருந்தால், அந்த 80 சதவீதத்துக்குத்தான் வரி போடுவார்கள். ஆகவே விலையைக் குறைத்து எழுதும் ஊர் யோசனை இங்கே எடுபடாது. விற்றவரையும் கூட்டிக்கொண்டு கவுண்டி டாக்ஸ் ஆபீஸுக்கு நேராகப் போங்கள், 130-யூ படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், டைட்டிலில் சால்வேஜ் என்றோ ரீபில்ட் என்றோ இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பிறகு பேர்லாந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூஜை போடுவதோ, நேராகக் கடைக்குப் போவதோ உங்கள் இஷ்டம். கடையில் செய்ய வேண்டியது: என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலண்ட், பின் டிஃபரன்ஷியல் ஆயில், ஃபோர் வீல் டிரைவ் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில். அறுநூறு, எழுநூறு டாலர் ஆகும். டிஃபரன்ஷியலைத் திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வடிகிற ஆயிலில் வெள்ளிப் பொடி மின்னினால் பரவாயில்லை. விரலால் எடுக்கிற அளவு இரும்புத் துணுக்கு வந்தால், மெக்கானிக்கை அங்கேயே நிறுத்தி கியர் பல்லைக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்